செலவும் கையறுநிலையும்: போர்க்காலத் தொலைக்காட்சிச் செய்தியில் இராணுவத் தணிக்கை

முன்னுரை

2009 மே 19 அன்று காலை இலங்கை நாடாளுமன்றத்தில் குடியரசுத் தலைவர் மகிந்த ராஜபக்ச போர் முடிவுற்றதை அறிவித்து உரையாற்றினார். அவ்வுரையின் ஒரு பகுதியைத் தமிழிலும் நிகழ்த்தினார். அன்றே விடுதலைப் புலிகள் இயக்கத் தலைவரின் உடல் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. அந்த ஓர் உடலை உலகெங்கும் காட்ட முடிந்த படக்கருவி, அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் அதே நிலப்பகுதியில் மாண்ட பொதுமக்களின் உடல்களை ஏன் காட்டவில்லை என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படையாகும்.

போர்க்காலத்தில் அரசு செய்தியைக் கட்டுப்படுத்துவது புதிதன்று. படையின் இருப்பிடத்தையும் செல்லும் வழியையும் பகைவர் அறியாமற் காத்தல் எந்த நாட்டுப் படைக்கும் தேவையாகும். எனவே தணிக்கை முழுவதையும் ஒரே சொல்லால் கண்டிப்பது ஆய்வாகாது. எதை மறைத்தல் தகும், எதை மறைத்தல் தகாது என்று பிரித்தறிவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலைத் தமிழ்ப் புறத்திணை மரபிலிருந்து பெறமுடியும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். 2008, 2009 ஆம் ஆண்டுகளின் வன்னிப் போர் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. அப்போரைத் தமிழ், மலையாளம் என்னும் இருமொழிச் செய்திகளின் வழியாகக் கண்ட பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதித் தமிழரின் பார்வைநிலையும் உடன்வைத்து நோக்கப்படுகிறது.

புறத்திணை தரும் அளவுகோல்

தொல்காப்பியப் புறத்திணையியலில் வெட்சித் துறைகளுள் செலவும் வேயும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. பகைப்புலத்தார் அறியாவண்ணம் படை செல்லுதல் செலவு. அவ்வாறே மறைவாகச் சென்று ஒற்றி அறிந்த செய்தி வேய். போர்த்தொழிலில் மறைவு ஓர் உறுப்பு என்பதை மரபு ஒளிக்கவில்லை. அதனைத் துறையாகவே வகுத்து ஏற்றுக்கொண்டது. வள்ளுவரும் ஒற்றாடலுக்குத் தனி அதிகாரம் வகுத்தார்.

அதே புறத்திணையியல் காஞ்சித் திணையில் கையறுநிலை, தாபதநிலை, தபுதாரநிலை, மூதானந்தம் முதலிய துறைகளை வகுத்துள்ளது. இறந்தோரை நினைந்து எஞ்சியோர் புலம்புதலும், கணவனை இழந்தாள் நோற்றலும், மனைவியை இழந்தான் தனித்திருத்தலும் இவற்றின் பொருள். இத்துறைகளைப் பாடுவதற்குத் தடை கூறப்படவில்லை. செலவை மறைக்கலாம், சாவை மறைப்பதற்கு மரபில் ஒரு துறையும் இல்லை. வெற்றிபெற்ற வேந்தனைப் பாடும் சூழலிலும் தோற்றவன் நாட்டு அழிவு பாட்டுக்குள் இடம்பெறுவதைப் புறநானூற்றில் பரவலாகக் காணலாம்.

இதனை மிகைப்படுத்தவும் கூடாது. புறப்பாடல்களுள் பல புரவலரைச் சார்ந்து வாழ்ந்த புலவர் பாடியவை. எரியூட்டலையும் கொள்ளையையும் புகழ்ந்தவை. மறுக்க இயலாத இவ்வரம்பை ஏற்றுக்கொண்டே, போரை எடுத்துரைப்போன் யார் என்னும் வினாவுக்கு நம் இலக்கியம் தரும் இரு விடைகளை எண்ணிப்பார்க்க வேண்டும்.

முதலாவது கோவூர்கிழார். சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என ஐயுற்றுக் கொல்லப் புகுந்தான் நெடுங்கிள்ளி. அவனைக் காக்கக் கோவூர்கிழார் பாடியது புறநானூற்றின் 47 ஆம் பாட்டு. இரு தரப்பிற்கும் இடையே சென்றுவருபவன் ஒற்றன் ஆகான் என்பதே அங்கு வாதம். இரண்டாவது, கலிங்கத்துப்பரணியின் பேய். அந்நூலில் போரைக் காளிக்கு எடுத்துரைப்பது களத்திலிருந்து வரும் பேயே. போரினால் பசியாறவிருக்கும் ஒன்று போரை வருணிக்கிறது. சயங்கொண்டார் அங்கதச் சுவையோடு அமைத்த இவ்வுத்தி நம் காலத்துத் தொலைக்காட்சி அரங்குகளை நினைவூட்டுவதைத் தவிர்க்க இயலவில்லை. இருதரப்பும் சென்றுவரும் புலவன், போரை உண்டு வாழும் பேய் ஆகிய இரு எடுத்துரைப்பாளரையும், செலவு, கையறுநிலை ஆகிய இரு துறைகளையும் கருவிகளாகக் கொண்டு போர்க்காலச் செய்தியை இனி அணுகலாம்.

வெற்றிடம் தெரிந்த தணிக்கையும் தெரியாத தணிக்கையும்

இலங்கையில் இராணுவச் செய்தித் தணிக்கை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வடிவம் கொண்டது. 1995 செப்டம்பரிலும் 1998 ஜூனிலும் போர்ச் செய்திகளுக்கு முன்தணிக்கை விதிக்கப்பட்டது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் வீழ்ந்ததை அடுத்து, மே 3 அன்று நெருக்கடிநிலை விதிகளின்கீழ்த் தணிக்கை மேலும் கடுமையாக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தின் ‘உதயன்’ நாளிதழும் கொழும்பின் ‘சண்டே லீடர்’ வார இதழும் அம்மாதத்தில் மூடப்பட்டன. பலாலி தாக்கப்படவில்லை, போரே நடக்கவில்லை என்று எல்லாவற்றையும் எதிர்மறையாக்கி எழுதப்பட்ட அங்கதக் கட்டுரை ஒன்றே ‘சண்டே லீடர்’ மூடப்பட்டதற்குக் காரணமாயிற்று. தணிக்கை அதிகாரியின் நியமனம் முறைப்படி செல்லாது என அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2000 ஜூன் 30 அன்று தீர்ப்பளித்தது.

இம்முதல்வகைத் தணிக்கையில் ஆணை உண்டு, அதிகாரி உண்டு, அவரை எதிர்த்து நீதிமன்றம் செல்ல வழியும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகத் தணிக்கை நடந்தது என்பது வாசகருக்குத் தெரியும். அடித்து நீக்கப்பட்ட பத்தி இருந்த இடம் தாளில் வெறுமையாக நிற்கும். 1975 ஆம் ஆண்டு நெருக்கடிநிலையின்போது இந்திய நாளிதழ்கள் சில தலையங்கப் பகுதியை வெறுமையாக விட்டதும் இவ்வகையே. மறைக்கப்பட்டது இன்னது என அறியாவிடினும், ஏதோ மறைக்கப்பட்டது என்பதை வாசகர் அறிந்தனர்.

2008, 2009 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது இரண்டாம் வகை. இங்கு எழுதியதை அடிக்கவில்லை. எழுதுவோரைக் களத்திற்குச் செல்லவிடவில்லை. 2008 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பணியாளரும் பிற உதவி நிறுவனத்தினரும் பாதுகாப்பு உறுதி தர இயலாது என்னும் காரணத்தால் வன்னியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். சார்பற்ற செய்தியாளர் எவரும் போர்முனைக்கு அனுமதிக்கப்படவில்லை. படையினர் ஏற்பாடு செய்து அழைத்துச் சென்ற பயணங்களே செய்தியாளருக்குக் கிட்டிய வாயில். 2006 இல் நிறுவப்பட்ட தேசியப் பாதுகாப்புக்கான ஊடக மையமும் பாதுகாப்பு அமைச்சின் இணையதளமும் செய்தியின் ஊற்றுக்கண்களாயின.

களத்தை அடைத்ததோடு கொழும்பில் அச்சமும் பரப்பப்பட்டது. 2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி வீழ்ந்தது. ஜனவரி 6 அன்று அதிகாலை, சிரச, சக்தி ஆகிய அலைவரிசைகளை நடத்திய நிறுவனத்தின் ஒளிபரப்பகம் ஆயுதக் குழு ஒன்றால் தாக்கிச் சிதைக்கப்பட்டது. ஜனவரி 8 அன்று ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். பிப்ரவரியில், நிகழ்ச்சிகள் குறுக்கீட்டுக்கு உள்ளாவதைச் சுட்டி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வழியான தன் ஒலிபரப்பைப் பி.பி.சி. உலக சேவை நிறுத்திவைத்தது. வவுனியா முகாம்களின் நிலையைக் காட்டிய பிரித்தானிய ‘சேனல் 4’ செய்திக்குழு மே மாதத்தில் நாடுகடத்தப்பட்டது. தமிழ்ச் செய்தியாளர் ஜே.எஸ்.திசைநாயகம் தம் எழுத்துக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 2009 ஆகஸ்டு 31 அன்று 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 2010 இல் பொதுமன்னிப்புப் பெற்றார். செய்தி சொல்பவனை ஒற்றனாகக் காணும் நெடுங்கிள்ளியின் ஐயம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் சட்டப்பிரிவாக நின்றதை இதில் காண்கிறோம். கோவூர்கிழாரின் சொல்லை அரசன் செவிமடுத்தான் என்பதே வேறுபாடு.

இவ்விரண்டாம் வகைத் தணிக்கைக்குத் தொலைக்காட்சி மிகப் பொருந்திய ஊடகமாகும். நாளிதழ் தன் வெற்றிடத்தைக் காட்ட முடியும், தொலைக்காட்சியால் இயலாது. திரை ஒருபோதும் வெறுமையாக நிற்பதில்லை. களப்படம் இல்லையெனில் வரைபடம் வரும்; வரைபடம் இல்லையெனில் பழைய படம் வரும்; அதுவும் இல்லையெனில் நால்வர் அமர்ந்து உரையாடுவர். பார்ப்போருக்குத் தாம் எதையும் காணவில்லை என்னும் உணர்வே எழுவதில்லை.

உலக நிலையிலும் இம்மாற்றம் காணத்தக்கது. வியட்நாம் போர் தொலைக்காட்சி வழியாக வீடுகளுக்குள் வந்தது. அதிலிருந்து படைத்தலைமைகள் பாடம் கற்றன. 1982 ஃபாக்லாந்துப் போரில் பிரித்தானியக் கடற்படையுடன் சென்ற செய்தியாளர் முப்பதின்மருக்கும் குறைவு. அவர்கள் எடுத்த படங்களுள் சில இலண்டன் சேர மூன்று வாரம் வரை ஆயிற்று. 1991 வளைகுடாப் போரில் தெரிந்தெடுத்த சிலரை மட்டும் குழுவாக அழைத்துச் செல்லும் முறையும், 2003 ஈராக் போரில் செய்தியாளரைப் படைப்பிரிவுகளுடன் இணைத்து அனுப்பும் முறையும் வந்தன. 2023 அக்டோபருக்குப் பின் காசாவில் வெளிநாட்டுச் செய்தியாளர் படைத்துணையின்றி நுழையத் தடுக்கப்பட்டது, வன்னியில் கண்ட முறையையே பெரிதும் ஒத்தது.

பெயர், கோணம், எண்

வன்னிப் போர்ச் செய்தியின் மொழியை ஆராயின் அதில் மூன்று கூறுகள் புலப்படும்.

முதற்கூறு பெயரிடல். போர் ‘மனிதாபிமான நடவடிக்கை’ எனப்பட்டது. மக்கள் ‘பணயக் கைதிகள்’ எனப்பட்டனர். மக்கள் ஒதுங்க வேண்டிய நிலப்பகுதிகள் ‘பாதுகாப்பு வலயங்கள்’ எனப்பட்டன. 2009 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மே மாதத்திலும் அடுத்தடுத்து மூன்று வலயங்கள் அறிவிக்கப்பட்டன; ஒவ்வொன்றும் முந்தையதினும் சிறியது. அவ்வலயங்களுக்குள் எறிகணைகள் வீழ்ந்தன என்பதை ஐக்கிய நாடுகள் பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011 இல் பதிவுசெய்தது. பெயரே செய்தியாகிவிட்ட நிலையில், பெயருக்கும் நிலத்துக்கும் உள்ள தொலைவை அளக்கக் களத்தில் எவரும் இல்லை. செய்தி வாசிப்போர் அரசு இட்ட பெயரை மேற்கோள் குறியின்றித் தம் வாக்கியத்தில் ஆளும்போது, அவர்கள் அறியாமலே தணிக்கையில் பங்கேற்கின்றனர்.

இரண்டாம் கூறு கோணம். 2009 ஏப்ரல் 20 அன்று புதுமாத்தளன் பகுதியிலிருந்து மக்கள் பெருந்திரளாக வெளியேறும் காட்சியை இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு வெளியிட்டது. ஆளில்லா விமானம் மேலிருந்து எடுத்த படம் அது. பல நாட்டு அலைவரிசைகளும் அதனை ஒளிபரப்பின. உயரத்திலிருந்து காண்கையில் மனிதர் புள்ளிகளாகின்றனர், புள்ளிகள் நகர்கின்றன, நகர்வு ‘மீட்பு’ என விளக்கப்படுகிறது. முகமோ குரலோ காயமோ அங்கில்லை. பொய்ப்படம் என இதனைத் தள்ள இயலாது. மக்கள் வெளியேறியது உண்மை. ஆயினும் கையறுநிலை பாடப்படுவதற்குரிய தொலைவு அதுவன்று. புலம்பலைக் கேட்க அருகில் நிற்க வேண்டும். பொய்யைச் சேர்த்துத்தான் மறைக்க வேண்டும் என்பதில்லை. தொலைவைக் கூட்டியும் மறைக்கலாம் என்பதற்கு இப்படம் தக்க சான்று.

மூன்றாம் கூறு எண். 2009 தொடக்கத்தில் போர்ப்பகுதியில் சிக்கியிருப்போர் ஏறத்தாழ 70,000 பேர் என அரசு கூறிவந்தது. போர் முடிந்தபின் முகாம்களில் அடைக்கப்பட்டோர் ஏறத்தாழ 2,90,000 பேர். இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடு வெறும் புள்ளிவிவரப் பிழையன்று. உணவும் மருந்தும் முந்தைய எண்ணைக் கொண்டே கணக்கிடப்பட்டன. வன்னி மருத்துவமனைகளில் பணியாற்றிய அரசு மருத்துவர்கள் இறப்பெண்ணிக்கையைத் தொலைபேசி வழியாக ஊடகங்களுக்குத் தெரிவித்து வந்தனர். அவர்கள் தடுத்துவைக்கப்பட்டு, 2009 ஜூலை 8 அன்று கொழும்பில் செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டனர். தாம் முன்பு கூறிய எண்ணிக்கை மிகை என்று அங்கு கூறினர். எண் அழிக்கப்பட்டதைக் காட்டிலும், எண்ணியவரின் வாயாலேயே அழிக்கப்பட்டது நோக்கத்தக்கது. இறுதிக்கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கக்கூடும் என மேற்சுட்டிய வல்லுநர் குழு மதிப்பிட்டது.

மறுதரப்பையும் கூறாதுவிடின் இத்திறனாய்வு பேயின் எடுத்துரைப்பாகிவிடும். விடுதலைப் புலிகள் 2005 முதல் தமக்கெனத் தேசியத் தொலைக்காட்சி நடத்தினர். 2007 நவம்பர் 27 அன்று புலிகளின் குரல் வானொலி நிலையம் இலங்கை வான்படையால் குண்டுவீசித் தாக்கப்பட்டு ஊழியர்கள் உயிரிழந்தனர், அது கண்டனத்துக்குரியது. ஆயினும் அவ்வியக்கத்தின் திரையிலும் வெற்றிடம் இருந்தது. மக்களை வெளியேறவிடாமல் தடுத்ததும், வெளியேற முயன்றோரைச் சுட்டதும், கட்டாய ஆள்சேர்ப்பும் அத்திரையில் இடம்பெற்றதில்லை. இவற்றையும் அதே வல்லுநர் குழு குறித்துள்ளது. ஆக, வன்னி மக்களின் துயரை இருதிரைகளும் தத்தம் முறையில் தணிக்கை செய்தன.

எல்லைப்புற வீடுகளில் இருமொழிச் செய்தி

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளிலும் இடுக்கியின் மூணாறு, மறையூர், பீர்மேடு, குமுளி பகுதிகளிலும் வாழும் தமிழர், ஒரே நிகழ்வை மலையாளச் செய்தியிலும் தமிழ்ச் செய்தியிலும் மாறிமாறிக் காணும் வழக்கமுடையோர். இது அவர்களுக்கு வாய்த்த ஒரு திறனாய்வுப் பயிற்சி எனலாம். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைச் சிக்கல் முற்றிக் குமுளி வழிப் போக்குவரத்து நின்ற நாட்களில், ஒரே அணை ஒரு மொழியில் உடையும் அச்சமாகவும் மறுமொழியில் மறுக்கப்படும் உரிமையாகவும் காட்டப்பட்டதை அவர்கள் தம் வீட்டிலிருந்தே கண்டனர். செய்தி என்பது நிகழ்வன்று, நிகழ்வைப் பற்றிய ஒரு கூற்று என்பதை இப்பகுதியினருக்குக் கோட்பாட்டு நூல் கொண்டு விளக்க வேண்டுவதில்லை.

ஆனால் வன்னிப் போர்ச் செய்தியில் இவ்விருமொழிப் பயிற்சி பயன்படவில்லை. காரணம், விளக்கவுரை வேறுபட்டதேயன்றிப் படம் வேறுபடவில்லை. மலையாளத்தில் அது அயல்நாட்டுச் செய்தி. தமிழில் அது தேர்தல் காலச் செய்தி. கேரளத்தில் ஏப்ரல் 16 அன்றே வாக்குப்பதிவு முடிந்திருந்தது. தமிழகத்தில் மே 13 அன்று நடைபெற இருந்தது. ஏப்ரல் 27 அன்று அன்றைய தமிழக முதல்வர் மு.கருணாநிதி சென்னைக் கடற்கரையில் உண்ணாவிரதம் தொடங்கி, போர்நடவடிக்கைகள் நிறுத்தப்பட்டன என்னும் செய்தி வந்ததாகக் கூறிச் சில மணி நேரத்தில் முடித்தார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்துவதில்லை என்று கொழும்பு வெளியிட்ட அறிவிப்பே அச்செய்திக்கு மூலம். எறிகணை வீச்சோ மே மாத நடுப்பகுதி வரை நீடித்தது. சரிபார்க்கக் களத்தில் ஆளில்லாதபோது அறிக்கை செய்தியாகிறது, செய்தி ஆறுதலாகிறது, ஆறுதல் வாக்காகவும் மாறக்கூடும் என்பதற்கு அந்நாள் சான்று. ஜனவரி 29 அன்று சென்னையில் தீக்குளித்து மாண்ட முத்துக்குமார் ஒரு பத்திரிகைப் பணியாளர் என்பதும் இவ்விடத்து எண்ணத்தக்கது.

எல்லைப்பகுதித் தோட்டங்களுக்கு இப்போர் அயலாருடையதும் அன்று. மூணாறு, பீர்மேடு மலைகளுக்கும் இலங்கை மலையகத்துக்கும் தொழிலாளரை அனுப்பியவை பெரும்பாலும் அதே தமிழக மாவட்டங்களே. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா திரும்பிய மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர், வண்டிப்பெரியாறு வழியே சென்றடையும் கவி என்னும் வனக்குடியிருப்பில் கேரள வனவளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டங்களில் குடியமர்ந்தனர். மலையகத்திலேயே தங்கியோருள் பலர் 1977 வன்செயலுக்குப் பின் வன்னிக்கு இடம்பெயர்ந்தனர். எனவே வானிலிருந்து எடுத்த படத்தின் புள்ளிகளுள் தம் உறவினரும் இருக்கக்கூடும் என்னும் நிலையில் அச்செய்தியைக் கண்டோர் இப்பகுதியில் இருந்திருப்பர். அவர்களுக்கு வேண்டியிருந்தது படை சென்ற வழியன்று, இறந்தோர் பெயர். எந்த அலைவரிசையிலும் கிட்டாதது அதுவே.

இந்திய எல்லைக்குள்

இச்சிக்கலை இலங்கையின் குறையாக மட்டும் காண்பது தன்னை மறைக்கும் மற்றொரு தணிக்கையாகும். 1987 அக்டோபர் 10 அன்று இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் புலிகளுக்கு எதிரான நடவடிக்கையைத் தொடங்கியபோது ‘ஈழமுரசு’, ‘முரசொலி’ ஆகிய நாளிதழ்களின் அச்சகங்கள் தகர்க்கப்பட்டன. ‘நிதர்சனம்’ தொலைக்காட்சியும் முடக்கப்பட்டது. அந்நாளில் இந்திய வீடுகளில் தூர்தர்ஷன் ஒன்றே இருந்தது. அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளரும் பணியாளரும் கொல்லப்பட்டதற்கு அத்திரையில் இடமில்லை. 1990 மார்ச்சில் அப்படை திரும்பும்வரை உயிரிழந்த ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினரின் குடும்பத்தாரும்கூடத் தம்மவர் எதற்காக, எவ்வாறு இறந்தனர் என்பதைத் திரைவழி அறிய வாய்ப்பில்லை. தணிக்கை எதிர்த்தரப்பின் கையறுநிலையை மட்டுமன்றித் தன் தரப்பின் கையறுநிலையையும் விழுங்குகிறது.

1999 கார்கில் போரில் தனியார் அலைவரிசைகள் களத்திலிருந்து செய்தி தந்தன; பாகிஸ்தான் தொலைக்காட்சி கம்பிவட வழியில் தடைசெய்யப்பட்டது. 2008 மும்பைத் தாக்குதலின்போது கமாண்டோ நடவடிக்கை நேரலையாகக் காட்டப்பட்டது கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அது நியாயமான கண்டனமே. 2015 இல் கம்பிவடத் தொலைக்காட்சி விதிகளில் திருத்தம் செய்யப்பட்டு, பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளின் நேரலை தடுக்கப்பட்டது; நடவடிக்கை முடியும்வரை உரிய அதிகாரி அவ்வப்போது தரும் விளக்கத்தையே ஒளிபரப்ப வேண்டும் என்று விதிக்கப்பட்டது. நேரலையைத் தடுக்கும் பகுதி செலவைக் காப்பது, ஏற்கத்தக்கது. அதிகாரியின் கூற்றையே செய்தியின் எல்லையாக்கும் பகுதியோ சாவையும் மறைக்க இடந்தருவது.

கோழிக்கோட்டைத் தலைமையிடமாகக் கொண்ட ‘மீடியா ஒன்’ அலைவரிசைக்குப் பாதுகாப்புக் காரணம் காட்டி 2022 ஜனவரியில் உரிமம் புதுப்பிக்க மறுக்கப்பட்டது. அக்காரணம் இன்னதென அந்நிறுவனத்துக்கே தெரிவிக்கப்படவில்லை. மூடிய உறையில் நீதிமன்றத்துக்கு மட்டும் தரப்பட்டது. 2023 ஏப்ரல் 5 அன்று உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. தேசப் பாதுகாப்பு என்னும் சொல்லை மட்டும் கூறி உரிமைகளை மறுக்க இயலாது என அத்தீர்ப்பு உணர்த்தியது. போர் தொடர்பற்ற வழக்காயினும், காரணமும் மறைக்கப்படும் தணிக்கை என்னும் வகையில் இது இங்குக் குறிக்கத்தக்கது.

2025 மே மாத இந்தியா-பாகிஸ்தான் மோதல் நாட்களில் மற்றொரு நிலை வெளிப்பட்டது. படைநகர்வுகளை நேரலையாகக் காட்டலாகாது என ஏப்ரல் 26 அன்றே ஒன்றிய அரசு அறிவுறுத்தியிருந்தது. மே 8 இரவில் இந்திய அலைவரிசைகள் பல, கராச்சித் துறைமுகம் தாக்கப்பட்டது என நிகழாத நிகழ்வை நிகழ்ந்ததாக அறிவித்தன. எவரும் அவற்றை அவ்வாறு கூறப் பணிக்கத் தேவையிருக்கவில்லை. களச்செய்தி இல்லாத இடத்தைக் களிப்பு நிரப்பிற்று. பரணியின் பேய்க்குத் தணிக்கையாளர் வேண்டுவதில்லை. அதே நாட்களில் எல்லையோர ஊர்களில் எறிகணைக்கு மாண்ட பொதுமக்களின் செய்தி அவ்வாரவாரத்தினிடையே சிறுத்துப்போயிற்று.

எழுத்தில் மீண்ட கையறுநிலை

திரையில் மறைக்கப்பட்டது பின்னர் இருவழிகளில் மீண்டது. ஒன்று, படையினரும் மக்களும் கைப்பேசியில் எடுத்த படங்கள். அவற்றைக் கொண்டு ‘சேனல் 4’ 2009 ஆகஸ்டிலும் 2011 ஜூனிலும் செய்திகளையும் ஆவணப்படத்தையும் ஒளிபரப்பியது. அவ்வரிசையின் தொடர்ச்சியான ‘நோ ஃபயர் சோன்’ என்னும் ஆவணப்படத்துக்கு 2014 இல் இந்தியத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. போர் முடிந்து ஐந்தாண்டு கழிந்தபின் காக்கவேண்டிய செலவு எதுவும் இருக்கவில்லை. எனவே அத்தடை கையறுநிலையின்மீது விழுந்த தடையே.

மற்றொன்று, எழுத்து. தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ வன்னி மக்களின் இறுதி மாதங்களைப் போர்ப்பகுதிக்குள் இருந்தவரின் அனுபவத்திலிருந்து பதிவுசெய்தது. 2016 இல் வெளிவந்த தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ இயக்கத்தின் உள்ளிருந்தே அதன் தவறுகளையும் பேசியது. முன்னது அரசின் திரை மறைத்ததையும் பின்னது இயக்கத்தின் திரை மறைத்ததையும் வெளிக்கொணர்ந்தன எனலாம். இந்நூல்களைப் புலம்பெயர் இலக்கியம், பெண்ணெழுத்து என்னும் தலைப்புகளின்கீழ் வகைப்படுத்துவதோடு நம் துறைகள் பெரிதும் நின்றுவிடுகின்றன. தணிக்கைக்கு எதிரான சான்றுரை என்னும் கோணத்திலும் இவை ஆராயப்பட வேண்டும்.

துயரைத் தணிக்கை செய்தல் போரோடு முடிவதில்லை என்பதும் தெளிவு. போருக்குப்பின் மாவீரர் துயிலுமில்லங்கள் தரைமட்டமாக்கப்பட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் 2021 ஜனவரி 8 இரவில் இடிக்கப்பட்டு, எதிர்ப்புக்குப்பின் மீண்டும் எழுப்பப்பட்டது. நடுகல் எடுத்தலைக் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்ததை இங்கு நினைவுகூர்தல் தகும். முதல் நிலைக்குப் பெயர் காட்சி. கல்லைக் காணுதல் என்பது அங்குப் பொருளாயினும், காட்சி மறுக்கப்பட்ட இடத்தில் கல்லும் மறுக்கப்படும் என்பதை வன்னி உணர்த்தியது.

முடிவுரை

தொகுத்து நோக்கும்போது பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

இராணுவத் தணிக்கையை மதிப்பிட, மறைக்கப்படுவது செலவா கையறுநிலையா என்று வினவுதல் பயனுள்ள அளவுகோலாகும். படையின் இடம், வழி, கருவி, காலம் ஆகியவற்றை மறைத்தல் போர்த்தொழிலின் பகுதி. இறந்தோர் எண்ணிக்கை, பெயர், இறந்த முறை ஆகியவற்றை மறைத்தல் குற்றத்துக்குத் துணைபோகும் செயலாக முடியக்கூடும். வன்னியில் பாதுகாப்பின் பெயரால் மறைக்கப்பட்டது பெரும்பாலும் இரண்டாவதே.

எழுதியதை நீக்கும் தணிக்கையைக் காட்டிலும் களத்தை அடைக்கும் தணிக்கை கொடிது. அதற்கு ஆணையும் இல்லை, மேல்முறையீடும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் வெற்றிடமும் இல்லை. எனவே தொலைக்காட்சி தன் வெற்றிடத்தைத் தானே அறிவித்தல் வேண்டும். படம் யாரிடமிருந்து பெறப்பட்டது என்பதையும், களத்திற்குச் செல்ல அனுமதி மறுக்கப்பட்டது என்பதையும் ஒவ்வொரு முறையும் திரையில் எழுதுதல் மிகக் குறைந்த அளவு நேர்மையாகும்.

போர்ச்செய்தியின் மொழியை ஆராய்தல் இதழியல் துறைக்கு மட்டும் உரியதன்று. பெயரிடலும் கோணமும் எண்ணும் மொழிசார்ந்த செயல்கள். புறத்திணையை நாள்தோறும் கற்பிக்கும் தமிழ்த்துறைகளுக்கு அவற்றை ஆராயும் கருவிகள் கைவசம் உள்ளன. 2009 ஆம் ஆண்டின் தமிழ்த் தொலைக்காட்சிச் செய்திகளைத் திரட்டிப் பேணுதலும், அவற்றைக் கண்ட தலைமுறையினரின் நினைவுகளை எல்லைப்பகுதித் தோட்டங்கள் உட்படப் பல இடங்களில் பதிவுசெய்தலும் உடனடியாகச் செய்யத்தக்க ஆய்வுப்பணிகள். அந்நாட்களில் திரைமுன் அமர்ந்து உறவினர் பெயருக்காகக் காத்திருந்தோருள் முதியோர் பலர் இன்று மறைந்துவருகின்றனர். அவர்களும் சென்றபின், எஞ்சுவது வானிலிருந்து எடுத்த படம் மட்டுமே ஆகும்.